ஆறாம் அறிவு

ஐம்புலன்களுக்கு மேலாக மனிதருக்கு இருப்பதாகச் சொல்லப்படும் அறியும் ஆற்றல். பழந்தமிழ் நூல்களில் இது மனத்தைக் குறித்தது. இன்றைய பேச்சு வழக்கில், நடக்கப்போவதை முன்கூட்டியே உணர்வது, கண்ணுக்கெட்டாத இடத்தில் நடப்பதை இருந்த இடத்திலிருந்தே அறிவது என்ற பொருளே முந்திக்கொண்டு வருகிறது. உடலியல் மூன்றாவதாக ஒரு விடை வைத்திருக்கிறது; அது மற்ற இரண்டையும்விடச் சுவையானது.

தமிழில் இதன் வரலாறு தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலான மரபியலில் தொடங்குகிறது. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும் நூற்பாக்கள் அங்கே உள்ளன. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு ஒன்றே. நத்தை, சிப்பி ஆகியவற்றுக்கு அதோடு சுவை, கறையானுக்கும் எறும்புக்கும் மோப்பம், நண்டுக்கும் தும்பிக்கும் பார்வை, விலங்குகளுக்குக் கேள்வி. ஆறாவதாக மனம் சேர்ந்தால் மக்கள். இந்தப் பகுப்பைத் தாமே செய்ததாகத் தொல்காப்பியர் சொல்லவில்லை. தமக்கு முன்னிருந்தோர் வகுத்தது என்கிறார். மனித உருவில் இருந்தும் மனத்தைப் பயன்படுத்தாதவர்களை ‘மாக்கள்’ என்று ஐந்தறிவுக் கூட்டத்திலேயே நிறுத்திவிடுகிறார். விலங்குகளில் சிலவற்றுக்கு ஆறாவது உண்டு என்றும் ஒரு நூற்பா இடம் தருகிறது. உரைகாரர் அதற்குக் கிளி, குரங்கு, யானையை எடுத்துக்காட்டினர். குரங்கோடும் யானையோடும் பழகிய யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

இன்றைய விலங்கியல்படி இந்த அடுக்கு நிற்காது. நத்தையின் கொம்பு நுனியில் கண் இருக்கிறது. பெரும்பாலான எறும்புகளுக்கும் பார்வை உண்டு. ஆனாலும் உருவத்தையோ வாழிடத்தையோ பார்க்காமல், உலகம் ஓர் உயிருக்குள் எத்தனை வாசல் வழியாக நுழைகிறது என்று கேட்டுப் பிரித்தது சிறிய சிந்தனையல்ல.

இதே வரிசை சமணரிடமும் உண்டு. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என்று ஒவ்வொரு புலனாகக் கூட்டிச் செல்கிறது. தொல்காப்பியரைச் சமணர் என்று கருதிய எஸ். வையாபுரிப்பிள்ளை போன்றோர் இந்த ஒற்றுமையைச் சான்றாகக் காட்டினர். ஆனால் சமணரான பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டையொட்டி எழுதிய நன்னூலில் கணக்கு ஐந்தோடு முடிகிறது. தேவர், மக்கள், நரகர், விலங்கு, பறவை அனைவரும் அங்கே ஐயறிவு உயிர்களே. மனத்தை ஆறாவது புலனாக எண்ணுவது பௌத்தரின் வழக்கம். ஆக, தமிழ் இலக்கணத்துக்குள்ளேயே ஆறாம் அறிவு உண்டு, இல்லை என்று இரு கட்சி இருந்திருக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் சுயமரியாதை இயக்கம் ஆறாவது அறிவைப் பகுத்தறிவு என்றே விளக்கியது. பெரியார் 1934இல் தொடங்கிய இதழின் பெயரே ‘பகுத்தறிவு’. மேடைதோறும் இந்தப் பொருள் ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், நேர் எதிரான பொருளும் அதே சொல்லில் குடியேறியது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் சீட்டுகளை வைத்துச் சோதனை நடத்தி, புலன் கடந்த உணர்வு உண்டு என்று 1934இல் நூல் வெளியிட்டார். ஐந்து குறிகள், 25 சீட்டுகள். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாகிவிடும். அதற்கு மேல் சொன்னவர்களை அவர் சான்றாகக் காட்டினார். பின்பக்கத்திலிருந்தே குறி தெரியும்படி சில சீட்டுகள் இருந்தன என்பது உட்படப் பல குறைகளைப் பிறர் எடுத்துக்காட்டினர். அவரிடம் பணிபுரிந்த கே. ராமகிருஷ்ண ராவ் 1967இல் விசாகப்பட்டினத்து ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறையைத் தொடங்கினார். கடைசியாகப் பரபரப்பை உண்டாக்கியவர் டேரில் பெம். எதிர்காலத்தை உணர முடிகிறது என்று 2011இல் அவர் எழுதிய ஆய்வை மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை.

இத்தகைய ஆற்றல் தமக்கு உண்டு என்போருக்கு ஈழத்தில் ஒரு நேரடிச் சவால் எழுந்தது. திருவல்லாவில் 1898இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், 1963இல் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார். மோசடிக்கு வழியில்லாத நிலையில் அற்புதம் ஒன்றைக் காட்ட வேண்டும். உறையிலிட்டு மூடிய பணத்தாளின் எண்ணைச் சொன்னாலும் போதும். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை.

ஊர்ப்புறத்தில் ஆறாம் அறிவுக்குப் பெரிய மரியாதை கிடைப்பது நிலத்தடி நீர் பார்ப்பதில். ஆழ்துளைக் கிணறு போடுமுன் கவைக் குச்சியோ உள்ளங்கையில் தேங்காயோ வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார்கள். குச்சி வளைந்த இடத்தில், தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் அடையாளம் வைப்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, குச்சி உண்மையாகவே அசைகிறது. அசைப்பது தம் கைதான் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. இவ்வாறு தன்னறியாமல் நிகழும் தசையசைவை வில்லியம் கார்ப்பென்டர் 1852இலேயே விளக்கினார். சேலத்தை அடுத்த சேர்வராயன் மலை போன்ற கடினப் பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் ஓடையாக ஓடுவதில்லை, வெடிப்புகளில்தான் தங்குகிறது. எனினும் புற்றையும் மரத்தையும் பார்த்து நீர் இருக்குமிடம் கணிக்கும் முறையை வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை கூறுகிறது. நீர் பார்ப்பவரின் கணிப்பு பலிக்கும்போது, பலித்தது நிலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணாகவும் இருக்கலாம்.

மலையில் வாழ்பவர்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் கதைகளும் இப்படித்தான். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் காட்டெருமை இறங்குவதுண்டு. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் வளைவுக்கு முன்பே நின்றுவிட்டால், உடன் வருபவருக்கு அது அற்புதம். அவருக்கோ காற்றில் வந்த வாடையும், புதிதாக மிதிபட்ட புல்லும், சட்டென்று மாறிய பறவைக் குரலும் போதும். 2004 ஆழிப்பேரலையை விலங்குகள் முன்பே உணர்ந்து ஓடின என்ற செய்தியும் இலங்கையின் யால வனத்திலிருந்து பரவியது. அங்கே செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை அணிந்திருந்த இரண்டு யானைகளின் நடமாட்டப் பதிவை ஆய்வாளர்கள் பிறகு பார்த்தபோது, அலைக்கு முன் அவை தப்பியோடிய தடயம் இல்லை.

அப்படியானால் புலன் ஐந்துதானா? இல்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போன எவருக்கும் இது உடம்பால் தெரியும். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பவர்கள், ஜன்னலோரத்துக்கு இடம் கேட்பவர்கள், வாயில் புளிப்பு மிட்டாய் அடக்கியவர்கள். உட்செவியில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் ஒவ்வொரு திருப்பத்தையும் மூளைக்குச் சொல்கின்றன. முன் இருக்கையின் முதுகையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், எதுவும் நகரவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில் பிறப்பதே குமட்டல். சாலையைப் பார்த்து ஓட்டும் ஓட்டுநருக்கு அநேகமாக வருவதில்லை. இந்தச் சமநிலைப் புலனை ஆராய்ந்த ராபர்ட் பாரனி 1914க்கான நோபல் பரிசைப் பெற்றார்.

ஏற்காட்டின் கரடியூர் காட்சிமுனைப் பக்கம் பனிமூட்டம் இறங்கி முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியாதபோது கால் சரிவை அறிந்து ஊன்றுகிறதே, அது இன்னொரு புலன். தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்விகள், எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் இதற்குத் தனிப் பெயரிட்டார். இதன் பின்னுள்ள பியசோ2 என்ற புரதத்தை ஆர்டெம் படபூட்டியன் குழு 2010இல் கண்டறிந்தது. 2021 நோபல் பரிசில் அதற்கும் பங்குண்டு. அந்த மரபணு பழுதான இரு இளையோரை ஆராய்ந்த முடிவு 2016இல் வெளியானது: கண்ணைக் கட்டினால் அவர்கள் நடக்கவே மிகவும் தடுமாறினார்கள், தம் விரலை யாரேனும் மேலே தூக்கினார்களா கீழே இறக்கினார்களா என்றும் சொல்ல முடியவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் இன்னும் வலிக்கிறது என்றவர்களுக்கு 1990களில் கண்ணாடிப் பெட்டியால் நிவாரணம் தேடியதும் இந்த உடலுணர்வைச் சார்ந்ததே. பசி, தாகம், மூச்சுத்திணறல் ஆகியவற்றை அறிவிக்கும் உள்ளுணர்விகள் வேறு. நுரையீரலில் உள்ள ‘ஜே’ உணர்விகளை 1950களில் கண்டுபிடித்தவர் இந்தியரான ஏ. எஸ். பெயிண்டல்.

இவையெல்லாம் சேரும்போது எண்ணிக்கை ஆறையும் தாண்டிவிடுகிறது. புலன் என்பதை எப்படி வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து உடலியலாளர்களின் பட்டியலும் மாறும். புறாவைப் போல மனிதருக்கும் புவிக்காந்தம் தெரியுமா என்பது முடியாத வழக்கு. கலிஃபோர்னியாவின் ஜோசப் கிர்ஷ்விங்க் குழு 2019இல், காந்தப்புலத்தைத் திருப்பியபோது சிலரின் மூளை அலை மாறியதாகப் பதிவு செய்தது. அந்த மாற்றத்தைச் சோதனைக்கு உட்பட்டவர்கள் உணரவில்லை. உணராத ஒன்றை இப்போதைக்கு அறிவு என்று கணக்கில் சேர்க்க முடியாது.