நாளைக்கு வாருங்கள்

சென்னையிலிருந்து ஆவடிக்குப் போகும் மின்சார ரயிலில் அம்பத்தூரைத் தாண்டியதும் திருமுல்லைவாயில் வரும். அங்கே மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போனவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருப்பார்கள். மற்றக் கோயில்களில் நந்தி சுவாமியைப் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கிறது.

ஸ்தல புராணம் இதற்குக் காரணம் சொல்கிறது. தொண்டைமான் என்ற அரசன் குறும்பர்களுடன் போரிட்டு, முடியாமல் திரும்பி வந்தானாம். வழியில் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, அதை வாளால் வெட்டினானாம். வெட்டு கொடிக்கு அடியில் இருந்த லிங்கத்தின் மேல் விழுந்துவிட்டது. பதறிப்போன அரசனுக்கு ஈசுவரன் தரிசனம் தந்து, போருக்குத் துணையாக நந்தியை அனுப்பி வைத்தாராம். புறப்படத் தயாராகத் திரும்பிய நந்தி இன்னும் அப்படியே இருக்கிறது.

கதையில் எனக்குப் பிடித்தது, துணை உடனே கிடைத்தது என்பதுதான். முன்பணம் இல்லை; கெடு இல்லை; 'நாளைக்கு வாருங்கள்' என்ற பேச்சே இல்லை.

அதே ரயில் பாதையில் இன்னும் சற்றுத் தூரம் போனால் ஆவடி. அங்கே யுத்தத்துக்குத் துணை கேட்ட நமது ராணுவத்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

காத்திருப்பது நமக்கெல்லாம் பழக்கமான விஷயந்தான். தீபாவளிக்குத் துணி கொடுத்துவிட்டு, "பொத்தான் மட்டும் பாக்கி, ஸார்!" என்ற பதிலை ஐந்தாம் முறையாகக் கேட்டுத் திரும்பாதவர் யார்? கல்யாண நகைக்காகத் தட்டார் வீட்டுத் திண்ணையில் உட்காராதவர் யார்? இன்றைய பிள்ளைகள், தங்களுக்கு வேண்டிய உறுப்புகளைப் பொறுக்கிச் சொல்லி மடிக்கணினிக்குப் பணம் கட்டிவிட்டு, வாரக் கணக்கில் வாசலைப் பார்க்கிறார்கள். தயாராக இருப்பதை வாங்குகிறவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 'என் அளவுக்கே வேண்டும்' என்று கேட்கிறவன்தான் காத்திருக்கிறான்.

ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் உருவாயிற்று. இங்கிலாந்திலுள்ள விக்கர்ஸ் கம்பெனியின் திட்டப்படி டாங்கி செய்வதென்று ஏற்பாடு. 1965-லேயே முதல் 'விஜயந்தா' டாங்கி ஆவடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. நாலே வருஷம்! வரைபடம் பிறருடையது, அளவு நடுவில் மாறவில்லை, ஆகவே வேலை நடந்தது.

பிறகுதான் நமக்கு நாமே டாங்கி செய்துகொள்ளும் ஆசை வந்தது. நல்ல ஆசைதான். 1972-ல் ராணுவம் தனக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தது. 1974-ல் சர்க்கார் பதினைந்தரைக் கோடி ரூபாய் அனுமதித்தது. ஆவடியிலுள்ள ராணுவ வாகன ஆராய்ச்சி நிலையம் வேலையை ஏற்றுக்கொண்டது. அந்த டாங்கிக்குத்தான் 'அர்ஜுன்' என்று பெயர் வந்தது.

முதலில் நினைத்தது சுமார் 40 டன் எடையும் 105 மில்லிமீட்டர் பீரங்கியும் உள்ள டாங்கி. அக்கம்பக்கத்து நாடுகளின் படைபலம் வளர வளர, ராணுவத்தின் தேவையும் வளர்ந்தது. பீரங்கி 120 மில்லிமீட்டர் ஆயிற்று, கவசம் கனத்தது, எடை 58 டன்னைத் தாண்டியது. அரைக்கைச் சட்டைக்கு அளவு கொடுத்தவர், பாதி தைத்தபின் கம்பளிக் கோட்டு வேண்டுமென்று சொன்னதுபோல. பழைய அளவில் தைத்ததை உடுத்திப் போர்க்களத்துக்குப் போவது அவர்தான். ஆதலால் அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை.

தைப்பவர் பக்கமும் சுத்தமில்லை. 1500 குதிரைச் சக்தி இஞ்சினை இங்கேயே செய்வோம் என்றார்கள், கை கூடவில்லை. தாற்காலிகமாக என்று ஜெர்மனியிலிருந்து 1400 குதிரைச் சக்தி இஞ்சின் வந்தது. தாற்காலிகமாக வந்த விருந்தாளி நிரந்தரமாகத் தங்கிவிடுவது நம் வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. பதினைந்தரைக் கோடியில் ஆரம்பித்த வேலை, 1995-ல் முடிந்ததாகக் கணக்கு எழுதியபோது முந்நூறு கோடியைத் தாண்டியிருந்தது.

எல்லைக் காவலுக்கு அதுவரை ஓய்வு கொடுக்க முடியுமா? வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போனார். சோவியத் நாட்டிலிருந்து டி-72 வந்தது. 2001-ல் ருஷ்யாவின் டி-90 டாங்கிகளுக்கு ஒப்பந்தமாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்த அடுத்த கடைச் சட்டைகளையும் பின்னால் உரிமம் பெற்றுத் தைத்தது இதே ஆவடித் தொழிற்சாலைதான்!

ஒரு வழியாக 2000-த்தில் ராணுவம் 124 அர்ஜுன் டாங்கிகளுக்கு உத்தரவு கொடுத்தது. முதல் ஐந்து 2004-ல் கைக்கு வந்தன. ஒரு ரெஜிமென்டுக்கு முழுமையாகக் கொடுத்து முடிக்க 2009 ஆயிற்று. 1974-ல் பிறந்த குழந்தைக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை உறுத்துவது அதற்கு அடுத்த கட்டந்தான். 2010-ல் ராஜஸ்தான் பாலைவனத்தில் அர்ஜுனையும் டி-90-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிச் சோதித்தார்கள். அர்ஜுன் சளைக்கவில்லை, பல அம்சங்களில் மேலாகவே நின்றது என்று செய்திகள் வந்தன. ஆனால் என்ன பிரயோசனம்? அதற்குள் ராணுவத்தின் பட்டறைகளும் பயிற்சியும் உதிரிச் சாமான்களும் ருஷ்ய டாங்கிக்கு ஏற்ப அமைந்துவிட்டன. எடை அதிகம், பாலம் தாங்காது என்ற முணுமுணுப்பு வேறு. முப்பத்தைந்து வருஷ காலம் 'வரும், வரும்' என்று கேட்டுச் சலித்தவனுக்கு, வந்து நிற்கும் பொருளின் மேலும் நம்பிக்கை வருவதில்லை.

தாமதம் தின்பது காலத்தையும் பணத்தையும் மட்டுமல்ல என்று நான் சொல்வது இதனால்தான். காலம் போனால் அடுத்த தலைமுறை சரிக்கட்டலாம். பணம் போனால் வரி போட்டு ஈட்டலாம். தாமதம் கடைசியில் தின்பது, செய்தவனின் திறமையின் மேல் பிறருக்குள்ள நம்பிக்கையை. ஆவடியில் வருஷக் கணக்கில் கண் விழித்து உழைத்த இஞ்சினியர்களும் தொழிலாளர்களும் உண்மையிலேயே நல்ல பொருளைச் செய்தார்கள். ஆனால் அவர்கள் தலையெடுத்துச் சொல்லும்போது கேட்க ஆள் இல்லை.

கதை அத்தோடு முடியவில்லை. 72 மாறுதல்களுடன் புதிய அர்ஜுன் தயாராயிற்று. 2021 செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு, 7,523 கோடி ரூபாய்க்கு ஆவடியில் உத்தரவு வந்தது. முப்பது மாதங்களில் முதல் ஐந்து டாங்கிகள் என்பது பேச்சு. இந்தத் தடவை அளவு தயார், வரைபடம் தயார், ஆட்கள் தயார். ஆனால் தாற்காலிகமாக வந்த அந்த ஜெர்மன் இஞ்சின் இருக்கிறதே, அதைச் செய்யும் வேலையே அங்கே நின்றுபோயிருந்தது! மறுபடி ஆரம்பிக்க வருஷங்கள் ஆகும் என்றார்கள். கெடு கடந்தது. பொத்தான் மட்டும் பாக்கி என்று தையற்காரர் சொன்னால் நாம் சிரிக்கிறோம். பொத்தான் ஜெர்மனியிலிருந்து வர வேண்டுமென்றால் சிரிப்பு வருவதில்லை.

தாமதம் குற்றமல்ல. புதியதைச் செய்கிறவனுக்குத் தடங்கல் வரத்தான் செய்யும். பொய்த் தேதி சொல்வதுதான் குற்றம். அளவை மாற்றும்போது, 'இதனால் இத்தனை வருஷம் கூடும்' என்று வாங்குகிறவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். முடியாததை, 'முடியாது' என்று செய்கிறவரும் அன்றைக்கே சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குக் கூச்சப்பட்டுத்தான் ஒரு நாடு முப்பத்தைந்து வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்தது.