மாதுங்காவில் வீடு மாறாத குடும்பங்கள்

1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கிற்று. 1898-இல் அமைக்கப்பெற்ற நகர் அபிவிருத்தி டிரஸ்ட், நெருக்கடியைக் குறைக்க எண்ணி, வடக்கே தாதர், மாதுங்காப் பகுதிகளில் அகன்ற தெருக்களை வகுத்தது. தமிழர் பலர் அங்கே குடியேறினர்.

குடும்பம் பெருகிய பொழுது, பெரிய வீட்டிற்குப் போவதா என்ற கேள்வி எழுந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கட்டிடங்களின் வாடகையை 1940 செப்டம்பர் அளவிலேயே நிறுத்தி வைத்தது. வீட்டை விட்டால் அக்காப்பும் போயிற்று. புது வீட்டிற்கோ ‘பகடி’ என்னும் பெருந்தொகை வேண்டும். அதை வாங்குவது குற்றமாயினும் மறைவில் கைமாறிற்று. 1999-ஆம் ஆண்டுச் சட்டந்தான் அதற்கு இடந்தந்தது.

ஆகவே மகனுக்கு மணமானதும் கூடத்தில் பலகைத் தடுப்பு எழுந்தது. பாட்டியின் படுக்கை அடுக்களைக்குப் போயிற்று. சட்டத்தைக் குறை கூறுவோர் உளர். மாதச் சம்பளக்காரருக்கு வேறு புகல் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கிய பின்னர்ச் சிலர் செம்பூர், முலுண்டு என நகர்ந்தனர். அப்பொழுதும் பழைய வீட்டுச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டே போயினர்.