எது கடினம்: அங்காதிபாதமா, சுகரணமா?

மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகள் முதலில் அலுத்துக்கொள்வது உடற்கூற்றியலைப் பற்றித்தான். எலும்பு, தசை, நரம்பு என்று பெயர்களை உருப்போட்டு மாளாது. அடுத்து வரும் உடற்றொழிலியல் சுலபம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன், ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுவதைக் கண்டு, கிராமத்திலேயே தங்கும் வைத்தியர்கள் வேண்டுமென்று 1860களில் தமிழுக்கு மாறினார். அதற்கு முன்பே, 1857இல், கற்றரின் நூல் அவர் முயற்சியால் தமிழில் வந்திருந்தது. உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம், உடற்றொழிலியலுக்குச் சுகரணவாதம் என்று அதில் பெயர். இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் அடங்கின.

பெரிய நூல்கள் பிறகு தனித்தனியாக வந்தன. 'மனுஷவங்காதிபாதம்' 1872இல் வந்தது. 'மனுஷ சுகரணம்' வர 1883 ஆகிவிட்டது. கிறீன் 1873இல் அமெரிக்கா திரும்பியதும் தாமதத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் எலும்பைக் கையில் எடுத்துக் காட்டிப் பெயர் சொல்லிவிடலாம். சிறுநீரகம் இரத்தத்தை வடிக்கும் விதத்தை அப்படிக் காட்ட முடியுமா? வசனம் வசனமாகச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும், அதுவும் அதுவரை யாரும் அப்படி எழுதிப் பழகாத தமிழில்.

அந்தச் சுகரண நூல் வெளிவந்த அடுத்த ஆண்டே கிறீன் காலமானார்.