ஊர் வம்பு நாவலான கதை

பாட்டி சொல்லும் கதைக்குக் குரல் உண்டு, கையாட்டம் உண்டு, நடுவில் ஒரு பெருமூச்சும் உண்டு. அதை அப்படியே தாளில் எழுதிப் பாருங்கள்... சப்பென்று இருக்கும்! சுமார் 130 வருஷத்துக்கு முன்பே இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார் ஓர் இளைஞர்.

பெயர், ராஜம் ஐயர். 1872-ல், அன்றைய மதுரை மாவட்டத்து வத்தலக்குண்டில் பிறந்தவர். அப்போது பண்டிதர்களுக்குச் செய்யுள்தான் இலக்கியம். முதல் தமிழ் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சில் வந்ததே 1879-ல்தான். கதை சொல்லத் தோதான உரைநடைக்கு எங்கே போவது?

ராஜம் ஐயர் ஊர் வாயையே கடன் வாங்கினார்! வம்பளக்கும் பெண்கள், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்கிற தமிழ் வாத்தியார்... எல்லோரையும் அவரவர் பாணியிலேயே பேசவிட்டார். 1893-ல் ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் தொடராக ஆரம்பித்த ‘கமலாம்பாள் சரித்திரம்’, 1896-ல் புத்தகமானது. அதற்கு இன்னொரு தலைப்பும் உண்டு - ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’. யாரோ கற்பனையாகக் கட்டிவிட்ட அவதூறு, ஒரு நல்ல குடும்பத்தை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதுதான் விஷயம். ஆக, ஊர் வாயில் விஷமான கற்பனை, இவர் பேனாவில் இலக்கியமானது!

1898-ல், 26 வயதிலேயே ராஜம் ஐயர் போய்விட்டார். தமிழில் அவர் எழுதியது அந்த ஒரே நாவல்தான். ஆனால், வத்தலக்குண்டு அத்தோடு பேனாவை மூடிவிடவில்லை. பிற்பாடு பி.எஸ்.ராமையா, சி.சு.செல்லப்பா இருவரும் அந்த ஊரிலிருந்துதான் எழுத வந்தார்கள்.

உங்களுக்குள்ளும் எழுத வராமல் ஒரு கதை தவிக்கிறதா? முதலில் தெருமுனைப் பேச்சுக்குக் கொஞ்சம் காது கொடுங்களேன்!