நாலு இன்பாக்ஸ், ஒரு சல்லடை

என் சித்தப்பா விழுப்புரம் ஜங்ஷனில், ரயில்வே அஞ்சல் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். பின்கோடின் முதல் மூன்று இலக்கம் கண்ணில் பட்டால் கை தானாகப் போகும் என்பார். 604 என்றால் திண்டிவனம் பக்கம். 605 என்றால் விழுப்புரம், புதுச்சேரி. 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த அந்த எண் கடிதம் போகவேண்டிய இடத்தைச் சொன்னது. வேண்டிய கடிதமா, வேண்டாத கடிதமா என்று பிரிக்கும் வேலை ஆர்.எம்.எஸ்.ஸுக்கு இல்லை. ஆயிரம் பேருக்கு நோட்டீஸ் அனுப்ப ஆயிரம் தபால்தலை ஒட்டவேண்டும் என்பதே பெரிய தடுப்பாக இருந்தது.

மின்னஞ்சலில் அந்தத் தடுப்பு இல்லை. ஒருவருக்கு அனுப்பினாலும் லட்சம் பேருக்கு அனுப்பினாலும் அனுப்புகிறவருக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான்; பாரம் பெறுகிறவர் தலையில். இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் காலத்திலேயே, 1975 நவம்பரில், வேண்டாத அஞ்சலை மறுக்கப் பெறும் கணினிக்கு வழியில்லை என்று ஜான் போஸ்டல் ஒரு குறிப்பில் எழுதிவிட்டார். 1978 மே 3 அன்று டி.இ.சி. கணினி நிறுவனத்தின் கேரி தூர்க், புதிய கணினியைக் காண வரச்சொல்லிச் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் ஸ்பேம், அதாவது முதல் குப்பை மெயில், என்று சொல்லப்படுவது அதுதான்.

திண்டிவனத்தில் அந்தப் பாரத்தை நான் பார்த்தது 2000-க்குப் பிறகு, நேரு வீதி மாடியில் பிரவுசிங் சென்டர் நடத்தியபோது. மகன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பெற்றோர் வருவார்கள். அன்று ஹாட்மெயில் கொடுத்த இடம் 2 எம்.பி. கோடி டாலர் லாட்டரி விழுந்ததாகவும் வங்கியில் அநாதைப் பணம் கிடப்பதாகவும் வரும் கடிதங்களே அதை நிரப்பிவிடும். பெட்டி நிரம்பினால் மகன் அனுப்பிய மெயில் திரும்பிப் போகும். டயல்-அப் வேகத்தில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, அந்தப் பெற்றோர் குப்பையை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்போது இருந்த தடுப்பு கறுப்புப் பட்டியல். 1997-இல் பால் விக்ஸி தொடங்கிய பட்டியல், குப்பை அனுப்பும் கணினிகளின் ஐ.பி. முகவரிகளைக் குறித்துவைத்தது. ஒரு சர்வரில் ஒருவர் தப்புச் செய்தால் அதே சர்வரில் இருக்கும் அத்தனை பேரின் மெயிலும் நிற்கும். 2002 ஆகஸ்டில் நிரலாளர் பால் கிரஹாம் வேறு வழியைப் பரப்பினார்: அனுப்பியவரை விட்டுவிட்டு, எழுதியிருப்பதை எண்ணுவது. தாமஸ் பேய்ஸ் இறந்தபின் 1763-இல் அச்சான நிகழ்தகவுக் கணக்கு அதற்கு அடிப்படை. ஒவ்வொரு சொல்லும் நல்ல மெயிலில் எத்தனை முறை வருகிறது, குப்பையில் எத்தனை முறை வருகிறது என்று பார்த்து நிரல் தீர்ப்புச் சொல்லும். பளிச்சென்ற சிவப்பு எழுத்துக்கான நிறக்குறி ஆபாசச் சொற்களுக்கு நிகராகக் குப்பையைக் காட்டிக்கொடுத்ததாம்.

எங்கள் ஊருக்கு இது மிகவும் பொருந்தியது. ஒரு மண்டிக்காரருக்கு நாலு கணக்கு: பி.எஸ்.என்.எல்.லின் சஞ்சார்நெட்டில் ஒன்று, சொந்த டொமைனில் இரண்டு, பிற்பாடு ஜிமெயிலில் ஒன்று. எல்லாம் அவுட்லுக் எக்ஸ்பிரஸில் வந்து விழும். நடுவில் பாப்ஃபைல் என்ற இலவச நிரலைப் போட்டேன். நாலு கணக்கிலும் சர்வர் முகவரியை 127.0.0.1, அதாவது அதே கணினி, என்று மாற்றி, யூசர்நேமுக்கு முன்னால் அசல் சர்வர் பெயரைச் சேர்த்தால் நாலும் ஒரே சல்லடை வழியாகத்தான் வந்தாகவேண்டும். ஒரு கணக்கில் கற்றது மற்ற மூன்றுக்கும் உதவும். ‘மல்லாட்டை’ (நிலக்கடலை), ‘லோடு’, ‘மூட்டை’ என்று ஆங்கில எழுத்தில் வந்தால் அது உள்ளூர் வியாபாரம். எந்த லாட்டரி மோசடிக்காரனும் மல்லாட்டை என்று எழுதமாட்டான்.

தமிழ் மெயிலுக்கும் இதுவே கைகொடுத்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி குறியீட்டில் வந்த தமிழ், எழுத்துரு இல்லாத கணினியில் கொம்பும் குறியும் முளைத்த ரோமன் எழுத்தாகத் தெரியும். தலைப்பில் அப்படிப்பட்ட எழுத்து அதிகம் இருந்தால் சந்தேகப் புள்ளி போடும் விதி ஸ்பேம் அசாசின் என்ற வடிகட்டும் நிரலில் இருந்தது. நம் மெயிலைக் காட்டிப் பழக்கிய நிரலுக்கு அந்த எழுத்தும் பழகிவிடும்.

2004 ஜனவரியில் இன்னும் இரண்டே ஆண்டில் ஸ்பேம் தீரும் என்று பில் கேட்ஸ் டாவோஸில் சொன்னார். தீரவில்லை, ஆனால் அந்த ஏப்ரலில் வந்த ஜிமெயில் 1 ஜி.பி. இடமும் நல்ல வடிகட்டலும் கொடுத்ததால், எல்லாக் கணக்கையும் அதற்கே ஃபார்வர்ட் செய்யும் பழக்கம் வந்தது. அதில் ஒரு சிக்கல். ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்.பி.எஃப்.; 2006-இல் அதன் விதிகள் வெளிவந்தன. ஃபார்வர்ட் செய்யும் சர்வர் அந்தப் பட்டியலில் இருக்காது. அசல் மெயிலும் போலியாகத் தெரியும். மறுவருடம் வந்த டிகேஐஎம் கையொப்பம், உள்ளடக்கம் மாறாதவரை ஃபார்வர்டிலும் பிழைக்கும். எல்லோரும் கையொப்பம் போடாத அக்காலத்தில் நான் ஃபார்வர்டை நிறுத்திவிட்டு, பாப், ஐமேப் வழியாக மெயிலை எடுத்துவரும்படி அமைத்தேன்.

சட்டத்தின் துணை பெரிதாக இல்லை. அனுப்பியவரை மறைத்து ஏமாற்றும் மெயிலைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு தொட்டது. பேச்சுரிமையை நெரித்த அந்தப் பிரிவு முழுவதையும் 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, சரியான தீர்ப்பு. ஆனால் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் அதற்குப் பின்னும் வரவில்லை.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புகிறவர் எல்லோரும் எஸ்.பி.எஃப். அல்லது டிகேஐஎம் வைத்திருக்கவேண்டும் என்றன. ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டோடு, அவை தவறினால் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் வேண்டும். விழுப்புரம் அரிசி ஆலையின் பில் சென்னைக் கடைக்காரரின் ஸ்பேமில் கிடக்கிறது என்று இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். டொமைன் அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த வரியை மோசடிக்காரரும் எழுதிக்கொள்ளலாம். அனுப்பியது யார் என்பதற்கு அது சான்று. அவர் யோக்கியர் என்பதற்கு அல்ல. அதனால் புது ஆபீஸில் கணக்குகளை அமைத்துக் கொடுத்தாலும், முதல் சில நாட்கள் கணக்கரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர் கையாலேயே குறிக்கச் சொல்கிறேன்.