ஒரு வெண்கோடும் ஒரு குதிரையின் உயிரும்

சந்தையில் கடைக்காரரின் தராசு மீது உங்களுக்கு ஐயம் வந்தால் என்ன செய்வீர்கள்? முத்திரையிட்ட படிக்கல்லைக் கேட்பீர்கள். அந்தப் படிக்கல்லே சில நாட்களில் சரியாகவும் சில நாட்களில் குறைவாகவும் எடை காட்டினால்? சென்ற நூற்றாண்டில் குதிரை மருத்துவர்கள் இத்தகைய சங்கடத்தில்தான் இருந்தார்கள்.

அவர்களைத் திணற வைத்தது குதிரைகளின் தொற்றுச் சோகை நோய். 1843ல் பிரான்சில் லின்யே என்பவர் இதை விவரித்தார். 1904ல் வல்லே, கார்ரே என்னும் இருவர், நோயுற்ற குதிரையின் ஊநீரைப் பாக்டீரியாக்கள் புகமுடியாத வடிகட்டியில் செலுத்தினர். வடிந்து வந்த தெளிநீரும் நோயைப் பரப்பிற்று. காரணம் பாக்டீரியாவைவிட நுண்ணியது, அதாவது ஒரு வைரஸ், என்பது இதனால் தெரிந்தது.

இந்நோயில் காய்ச்சல் வரும், போகும், மீண்டும் வரும். இரத்தச் சிவப்பணுக்கள் அழியும். சில குதிரைகள் சில நாட்களில் இறந்துவிடும். பல பிழைத்துக் கொழுகொழுவென்று திரியும். தொல்லை இந்தப் பிழைத்த குதிரைகளால்தான். வைரஸ் அவற்றின் உடலை விட்டு ஆயுள் முழுவதும் நீங்குவதில்லை. ஒரு குதிரையைக் கடித்துக்கொண்டிருக்கும் பெரிய ஈயை அது வாலால் அடித்து விரட்டினால், ஈ பக்கத்துக் குதிரைக்குத் தாவும். வாயில் ஒட்டிய இரத்தமும் உடன் செல்லும். ஒரே ஊசியைப் பல குதிரைகளுக்குப் பயன்படுத்தினாலும் இதே கதைதான். நோயை முற்றிலும் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

நலமாகத் தோன்றும் குதிரைக்குள் வைரஸ் இருப்பதை எப்படி அறிவது? நெடுங்காலம் இதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஐயத்துக்குரிய குதிரையின் இரத்தத்தை நோயற்ற வேறொரு குதிரைக்கு ஏற்றிவிட்டு, வாரக்கணக்கில் அதன் வெப்பநிலையைக் குறித்து வரவேண்டும். காய்ச்சல் கண்டால் முதற்குதிரை குற்றவாளி. இரண்டாம் குதிரையோ பாவம், வீணாகப் பலியானது! செலவையும் நாட்களையும் எண்ணிப் பாருங்கள்.

1970ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெராய் காகின்ஸ், நார்க்ராஸ் என்பவருடன் சேர்ந்து ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். இயற்பியல் ஆசிரியன் என்பதால் இதன் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. காரணம், இது விரவுதலை நம்பிய சோதனை. அகார் கூழில் ஒரு பெர்மாங்கனேட் படிகத்தை வைத்தால் ஊதா நிறம் மெல்லப் பரவுவதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குக் காட்டுவேன். பரவும் தூரம் இருமடங்காக வேண்டுமானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே குழிகள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால்தான் விடை ஓரிரு நாளில் கிடைக்கும்.

காகின்ஸ் சோதனையில் அகார் கூழின் நடுவே ஒரு குழி, சுற்றிலும் ஆறு. நடுக்குழியில் வைரஸின் புரதம். தொடக்கத்தில் இதை நோயுற்ற குதிரையின் மண்ணீரலிலிருந்து எடுத்தார்கள். சுற்றுக் குழிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக, நோயுள்ளது என்று முன்பே தெரிந்த ஊநீரும் சோதிக்க வேண்டிய ஊநீரும். நோய்க்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ஊநீரில் இருந்தால், அதுவும் புரதமும் எதிரெதிரே விரவி, சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெண்கோடாகப் படியும். அந்தக் கோடு, தெரிந்த ஊநீர் உண்டாக்கும் கோட்டோடு இழையாக இணைந்தால் குதிரைக்கு நோய்த்தொற்று உண்டு. இணையாமல், தெரிந்த ஊநீரின் கோடு நேரே சோதனைக் குழிக்குள் ஓடினால் தொற்று காணப்படவில்லை.

கோடு தோன்றுகிறது, சரி. ஆனால் அது சொல்வது உண்மையா? குதிரைக்காரர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. தட்டம்மை வந்து நீங்கிய குழந்தையின் உடலிலும் எதிர்ப்பொருள் இருக்கிறது. அதனால் அக்குழந்தை நோயைப் பரப்புகிறதா? என் குதிரையும் நோயை வென்று நிற்கலாம் அல்லவா? இதற்குப் பதில் சொல்லாமல் ஒரு குதிரையைக் கொல்லச் சொல்வது எப்படி?

இதற்குப் பழைய முறையையே சாட்சிக்கு அழைத்தார்கள். கோடு காட்டிய குதிரைகளின் இரத்தத்தை நோயற்ற குதிரைகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். இரு முறைகளும் பெரிதும் ஒத்துப்போயின. 1972ல் இவ்வொப்பீடு வெளிவந்தது. 1973ல் அமெரிக்க வேளாண்மைத் துறை காகின்ஸ் சோதனையை அதிகாரபூர்வமாக ஏற்றது. எங்கோ ஓரிடத்தில் இரண்டும் முரண்பட்டால் புதியதுதான் தவறு என்று முடிவு கட்டவும் முடியாது. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் இரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவு. அப்போது ஏற்றிய இரத்தம் நோயைத் தராமல் போகலாம். எடை குறையும் படிக்கல் என்றேனே, அது இதுதான்.

புதிய சோதனையிலும் ஓட்டைகள் இருந்தன. தொற்றிய முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் போதிய அளவு உண்டாகியிராது. 2006ல் அயர்லாந்தில் இந்நோய் பரவியபோது, சில குதிரைகளில் கோடு தோன்ற 60 நாட்களுக்கும் மேல் ஆயிற்று. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நோயுள்ள தாயின் சீம்பாலைக் குடித்த குட்டியின் இரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள் புகுந்துவிடும். குட்டி நோயற்றது; கோடோ நோயுண்டு என்கிறது! எனவே அக்குட்டியைத் தனியே வளர்த்துச் சில மாதம் கழித்து மறுபடி சோதிக்கிறார்கள். பெரிய குதிரைக்கு அமெரிக்காவில் உள்ள வழிகள் கடுமையானவை: கொல்வது, அல்லது நீங்காத அடையாளக் குறி இட்டு, மற்றக் குதிரைகளிலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் தள்ளி ஆயுள் முழுவதும் வைப்பது.

பின்னர் விரைவாக விடை தரும் எலிசா சோதனைகள் வந்தன. இங்கே ஒரு சின்னக் கணக்கு. 10,000 குதிரைகளில் 10க்கு மட்டுமே நோய் என்று கொள்வோம். நோயற்றவற்றில் நூற்றுக்கு ஒன்றைத் தவறாகப் பிடிக்கும் சோதனை, ஏறத்தாழ 100 அப்பாவிக் குதிரைகளைப் பிடித்துவிடும். பிடிபட்ட 110ல் உண்மையில் நோயுள்ளவை 10 மட்டுமே! நோய் அருகும்போது, அதே சோதனை சொல்லும் 'உண்டு' என்பதன் மதிப்பும் குறைகிறது. மனிதரைத் தாக்கும் எச்.ஐ.வி. இந்தக் குதிரை வைரஸின் உறவினர்தான்; அதைக் கண்டறிவதிலும் இக்கணக்கு அப்படியே பொருந்துகிறது. அதனால்தான் எலிசா 'உண்டு' என்று சொன்ன குதிரையின் ஊநீர் மறுபடி அகார் கூழுக்கு வருகிறது. வெண்கோடு இணைகிறதா என்று பார்க்க, குதிரைக்காரர் இன்னும் ஓரிரு நாள் காத்திருக்கிறார்.