தகரப் பெட்டியில் கிடந்த ஜீவனாம்ச உத்தரவு

நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு வரலாறு எழுதித் தரச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச வரலாறு எங்க அம்மாவோட தகரப் பெட்டியிலதான் இருக்கு.

1994-ல் அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து மாதம் 300 ரூபாய் ஜீவனாம்சம் தரணும்னு கோர்ட்டில் உத்தரவு ஆச்சு. அப்பா பெங்களூர் போய்ட்டார். ரெண்டு மாதம் மணியார்டர் வந்தது, அப்புறம் நின்னுபோச்சு. “ஆள் வேற ஸ்டேட்டுல இருக்கான், இங்கிருந்து ஒண்ணும் பண்ண முடியாது”ன்னு விவரம் தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார். அம்மா நம்பிட்டாங்க. போன வருஷம் சட்ட உதவி முகாமில் இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் புரிஞ்சது.

வெள்ளைக்காரன் காலத்து 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488-ன்னு ஒரு பிரிவு. பெண்டாட்டி பிள்ளையைக் கைவிட்டவன் மாதாமாதம் பணம் கட்டணும். ஆனா வழக்கை அவன் இருக்கிற ஊரிலோ, கடைசியா சேர்ந்து குடியிருந்த ஊரிலோதான் போடணும். பிறந்த வீட்டுக்கு வந்துட்டவள் கைப்பிள்ளையோட அங்கே அலையணும். 1974 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதுச் சட்டம்தான் மனைவி குடியிருக்கிற ஊரிலேயே போடலாம்னு மாத்துச்சு. அதுதான் நாம கேள்விப்படுற 125-வது பிரிவு. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாதுங்கிற வரம்பு மட்டும் 2001 வரைக்கும் அப்படியே இருந்தது. அரிசி விலை அப்படியேவா இருந்தது?

எல்லை தாண்டவும் வழி இருந்திருக்கு. அதே சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, பணம் கட்ட வேண்டியவன் எந்த ஊரில் இருக்கானோ அந்த ஊர் மாஜிஸ்திரேட்டே உத்தரவை நிறைவேத்தலாம். மாநிலம் வேறங்கிறது தடையே இல்ல. ஆள் இவன்தான், பணம் வரலைன்னு அவருக்குத் திருப்தி ஆகணும், அவ்வளவுதான். உத்தரவு நகலையும் காசு வாங்காம தரணும். அம்மாகிட்ட நகல் இருந்தது. பெங்களூர் கோர்ட்டு போதும்னு சொல்லத்தான் ஆள் இல்ல.

பழைய பாக்கிக்கு ஒரு கண்டிஷன் இருக்கு. தவணை வந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டாத்தான் வாரண்டு போகும். வாரண்டுக்கு அப்புறமும் கட்டாதவனை ஒரு மாத பாக்கிக்கு ஒரு மாதம் வரை ஜெயிலில் வைக்கலாம். வருஷம் தாண்டினா அந்த வழிதான் போகுமே தவிர பணம் கேட்கிற உரிமை போகாது, சிவில் வழக்கு போடலாம்னு 2013-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஜெயிலில் இருந்துட்டு வந்தாலும் பாக்கி தீராதாம்.

இதைப் படிச்சுக் காட்டினப்ப அம்மா, “அப்ப பெங்களூருக்கு பஸ் டிக்கெட் எவ்வளவு இருந்திருக்கும்?”னு மட்டும் கேட்டாங்க.

2024 ஜூலையிலிருந்து சட்டத்தின் பேரும் நம்பரும் மாறிடுச்சு. 125 இப்போ 144, 128 இப்போ 147. பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. தாலுகா கோர்ட்டில் சட்டப் பணிகள் குழுன்னு கேட்கணும். போகும்போது பழைய உத்தரவு நகலைக் கையோட எடுத்துட்டுப் போங்க.